அந்தப் பாட்டி நடந்து வந்த பாதை



"சார், நீங்கதான் ஹிஸ்டரி ஆளாச்சே... நம்ம காலேஜ் வரலாற்றைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றுதான் மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டார்கள். கல்லூரி வரலாற்றை என்னைவிட நன்றாக எழுதக் கூடியவர்கள் இந்த மலரிலேயே இருக்கிறார்கள். எனவே நான் வேறொரு வரலாற்றை எழுதுகிறேன். அதற்குக் காரணம், போன ஆண்டுச் சந்திப்பில் மதியப் பந்தியில் என் இலைக்கு ரசம் ஊற்றிய ஒரு மாணவி.

இயற்பியல் இரண்டாம் ஆண்டு. அன்று காலை நடந்த கலை நிகழ்ச்சியில் கிழவி வேடம் போட்டு அரங்கத்தையே சிரிக்க வைத்த பெண். நான் பாராட்டியதும், வாளியைக் கையில் வைத்துக் கொண்டே கேட்டார்: "சார், நடிப்பையே தொழிலா வச்சுக்கிட்டு வெளிநாடு வரைக்கும் போய் நிக்க முடியுமா? வீட்ல பொழப்பப் பாருங்கறாங்க." பக்கத்து இலைக்காரர் "ரசம்... ரசம்..." என்று அவசரப்பட்டார். "அப்புறம் சொல்றேம்மா" என்று தப்பித்துக் கொண்டேன்.

அந்த 'அப்புறம்'தான் இந்தக் கட்டுரை.

என் பழைய கடன்

நான் நடிகன் இல்லை. 1980-ம் வருட ஹாஸ்டல் டே நாடகத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டராக வந்தேன். மொத்தம் இரண்டே வசனம். இரண்டாவதை மறந்து விழித்தபோது, முன்வரிசையில் இருந்த நம் பசங்களே சத்தமாக எடுத்துக் கொடுத்தார்கள். அன்றோடு அரிதாரத்துக்கும் எனக்கும் உள்ள உறவு முடிந்தது. பிறகு முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றேன்.

1996-ல் என் வகுப்பில் ஒரு பிளஸ் டூ மாணவி. ஆண்டு விழாவில் சந்திரமதியாக நடித்தார். மயானக் காட்சியில் மகனை மடியில் போட்டுக் கொண்டு அந்தப் பெண் அழுதபோது, வேர்க்கடலை விற்க வந்தவர் கூடையைக் கீழே வைத்து விட்டு நின்றார். மறுவாரம் அவருடைய அம்மா என்னிடம் வந்தார்: "சென்னையில டிராமா சொல்லிக் குடுக்கிற இடம் இருக்காமே, போகணுங்கறா. நீங்க என்ன சொல்றீங்க சார்?" நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "நாடகமெல்லாம் சோறு போடாதும்மா. டீச்சர் டிரெய்னிங் சேத்து விடுங்க" என்றேன்.

அந்தப் பெண் ஆசிரியையானார். நல்ல ஆசிரியை என்றும் கேள்விப்பட்டேன். பல வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தபோது பழைய பேச்சு வந்தது. கோபமே இல்லாமல் சொன்னார்: "அன்னிக்கு நீங்க போன்னு சொல்லியிருந்தாலும் எங்கப்பா விட்டிருக்க மாட்டார் சார். ஆனா எங்க சார் போன்னு சொன்னாருங்கற ஞாபகமாவது எனக்கு இருந்திருக்கும்."

அந்தச் சொல் இன்றும் என்னைக் குத்துகிறது. அதனால்தான் இரண்டாவது முறை அதே கேள்வி வந்தபோது, வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் புத்தகங்களைப் புரட்டினேன். சரித்திர வாத்தியாருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்!

யார் அந்தப் பாட்டி?

1998-ல் வந்த மணிரத்னத்தின் 'உயிரே' படம் நினைவிருக்கிறதா? இந்தியில் 'தில் சே'. அதில் ஷாருக் கானின் பாட்டியாக, கண்ணில் குறும்பு மின்ன ஒரு மூதாட்டி வருவார். "யாருப்பா இந்தப் பாட்டி, இவ்வளவு துறுதுறுப்பா இருக்காங்க?" என்று நானே தியேட்டரில் கேட்டிருக்கிறேன். அப்போது அவருக்கு வயது 86. பெயர் ஜோரா சேகல்.

நம்மில் பலருக்கு அவர் 'இந்திப் படத்துப் பாட்டி'. ஆனால் அந்தப் பாட்டியின் கால்கள் ஜெர்மனியில் நடனம் பயின்றவை, ஜப்பானிலும் எகிப்திலும் அமெரிக்காவிலும் மேடையேறியவை. பம்பாயில் 14 ஆண்டுகள் நாடகக் கொட்டகைகளில் நின்றவர், பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் முகம் பதித்தவர். மேடை, திரைப்படம், தொலைக்காட்சி மூன்றிலும், கண்டம் விட்டுக் கண்டம் சென்று ஓர் இந்தியப் பெண் எப்படித் தொழில் நடத்தினார் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

காரில் கிளம்பிய பயணம்

1912 ஏப்ரல் 27 அன்று சகரன்பூரில், ராம்பூர் வழி வந்த ரோகில்லா பட்டாணியக் குடும்பத்தில் பிறந்தவர் ஜோரா. பெண்கள் பர்தாவுக்குள் இருந்த காலம். படித்தது லாகூரில் குயின் மேரி கல்லூரியில். அங்கும் பர்தா முறைதான்.

அவருடைய தாய்மாமா ஒருவர் எடின்பரோவில் இருந்தார். மருமகளின் நாடக ஆசையை அறிந்து, பிரிட்டனில் நடிப்புப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்ய முன்வந்தார். 1930-ல் இருவரும் லாகூரிலிருந்து புறப்பட்டார்கள். கப்பலில் ஏறி உட்கார்ந்தோம், இறங்கினோம் என்ற கதை இல்லை. காரில்! ஈரான், பாலஸ்தீனம், சிரியா என்று தரை வழியாகப் போய், எகிப்தில் அலெக்சாண்ட்ரியா துறைமுகத்தில்தான் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார்கள். இன்று நம் ஊரிலிருந்து சென்னைக்குப் பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பவே நாம் நாலு போன் போடுகிறோம்.

நடிப்பு கற்கக் கிளம்பியவர் போய்ச் சேர்ந்தது நடனப் பள்ளியில். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மேரி விக்மன் நடத்திய பள்ளி அது. விக்மன் என்பவர் ஐரோப்பிய நவீன நடனத்தின் முன்னோடிகளில் ஒருவர். பாலே நடனத்தின் அழகுச் சட்டங்களை ஓரம் கட்டி விட்டு, உடம்பே உணர்ச்சியைப் பேச வேண்டும் என்று சொன்னவர். சில நடனங்களுக்கு இசைகூட வைக்க மாட்டார். அங்கே சேர்ந்த முதல் இந்தியர் ஜோரா. அதற்கு முன் முறையாக நாட்டியம் கற்காத அந்தப் பெண், மூன்று ஆண்டுகள் அங்கே பயின்றார்.

மாணவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தான் போக நினைத்த கதவு வேறு, திறந்த கதவு வேறு. திறந்த கதவில் நுழைந்து, அங்கே கிடைத்ததை முழுசாகக் கற்றுக் கொண்டார். பின்னாளில் ஒரு வசனம்கூட இல்லாமல் ஒரு தலைத் திருப்பலிலேயே அவர் சிரிக்க வைத்ததைப் பார்க்கும்போது, டிரெஸ்டன் பாடம் வீண் போகவில்லை என்று எனக்குத் தோன்றும்.

உதய் சங்கர் குழுவில்

ஐரோப்பாவில் இருந்தபோது ஜோரா ஒரு நடன நிகழ்ச்சி பார்த்தார். உதய் சங்கரின் சிவன்-பார்வதி நடனம். அவரைப் போய்ப் பார்த்து வேலை கேட்டார். 1935-ல் தந்தி வந்தது: ஜப்பான் பயணம், உடனே வந்து சேர முடியுமா? அந்த ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று குழுவில் சேர்ந்தார். ஜப்பான், எகிப்து, ஐரோப்பா, அமெரிக்கா என்று சுற்றுப்பயணம். சிம்கி என்ற பிரெஞ்சு நடனக் கலைஞரோடு, குழுவின் முன்னணிப் பெண் கலைஞர்களில் ஒருவரானார்.

பிறகு உதய் சங்கர் இமயமலை அடிவாரத்தில் அல்மோராவில் கலை மையம் தொடங்கினார். ஜோரா அங்கே ஆசிரியை. அந்த மையத்தின் ஆசான்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பரதத்துக்கு நம் கந்தப்பப் பிள்ளை, அதாவது பாலசரஸ்வதியின் குரு. கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி. மணிப்புரிக்கு அமோபி சிங். இசைக்கு அலாவுதீன் கான். தஞ்சை மண்ணின் அடவும் மணிப்பூரின் அசைவும் ஒரே வளாகத்தில்! மாணவராக வந்தவர்களில் ஒருவர் பின்னாளில் பெரிய திரைப்பட இயக்குநரான குரு தத்.

காமேஷ்வர் சேகல் என்ற இளைஞரை அங்கேதான் சந்தித்தார். ஜோராவை விட எட்டு வயது இளையவர், விஞ்ஞானம் படித்தவர், ஓவியர். மதமும் வேறு. எதிர்ப்பு இல்லாமல் இருக்குமா? இருந்தது. ஆனாலும் 1942 ஆகஸ்ட் 14 அன்று திருமணம் நடந்தது. வரவேற்புக்கு நேரு வருவதாக இருந்தார். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சில நாள் முன்புதான் கைதாகி விட்டார்.

அல்மோரா மையம் நீண்ட நாள் நிற்கவில்லை. பணமில்லாமல் மூடப்பட்டது. உதய் சங்கர் தென் திசைக்கு வந்து, சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் 'கல்பனா' படத்தை எடுத்தார். 1948-ல் வெளிவந்த அந்தப் படத்தில்தான் நம் பத்மினி முதன்முதலாகத் திரையில் தோன்றினார். ஜோரா தம்பதியர் லாகூருக்குப் போய் நடனப் பள்ளி தொடங்கினார்கள். அங்கே மதக் கலவரத்தின் வாடை அடிக்கத் தொடங்கியதும், கட்டிய பள்ளியை விட்டு விட்டுக் கைக்குழந்தையோடு பம்பாய் வந்தார்கள்.

நாலு தேசம் ஆடிய கலைஞர், 33 வயதில் மறுபடியும் வேலை தேடிக் கொண்டு நின்றார்.

மாதம் 400 ரூபாய்

1945-ல் பிருத்விராஜ் கபூரின் 'பிருத்வி தியேட்டர்ஸ்' நாடகக் குழுவில் ஜோரா சேர்ந்தார். மாதச் சம்பளம் 400 ரூபாய். 14 ஆண்டுகள் அங்கேதான். குழு ரயிலேறி ஊர் ஊராகப் போகும். பெரிய நகரம், சின்ன ஊர் என்ற பேதம் கிடையாது. நாடகம் முடிந்ததும் பிருத்விராஜ் வாசலில் துணியை விரித்துப் பிடித்து நிற்பார். பார்த்தவர்கள் போடும் காசு நல்ல காரியங்களுக்குப் போகும்.

இதில் ஒரு சங்கதி. கதாநாயகி வேடமெல்லாம் ஜோராவின் தங்கை உஸ்ராவுக்கு. அக்காவுக்குப் பெரும்பாலும் குணச்சித்திர வேடமும், நடனம் சொல்லிக் கொடுக்கும் வேலையும். ஐரோப்பாவில் ஆடி விட்டு வந்தவருக்கு மனசு எப்படி இருந்திருக்கும்? வருத்தமே இல்லை என்று அவர் பொய் சொன்னதில்லை. ஆனால் மேடையை விட்டுப் போகவும் இல்லை. துணை வேடத்தில் நின்று எதிரே இருப்பவரின் வசனத்தைக் கேட்பது, கடைசி வரிசைக்கும் குரலை எட்ட வைப்பது, விளக்கு அணைந்தாலும் விடாமல் நடிப்பது... இதெல்லாம் எந்தக் கல்லூரியிலும் பட்டம் தராத படிப்பு.

அதே சமயத்தில் சினிமாவும் வந்தது. இந்திய மக்கள் நாடக மன்றத்தின் தொடர்பில், 1946-ல் இரண்டு படங்கள். வங்கப் பஞ்சத்தைச் சொன்ன கே.ஏ. அப்பாஸின் 'தர்த்தி கே லால்', சேத்தன் ஆனந்தின் 'நீச்சா நகர்'. இரண்டாவது படம் அதே ஆண்டு பிரான்ஸில் கேன்ஸ் விழாவில் உயரிய பரிசு பெற்ற படங்களில் ஒன்று. அதற்கு இசை, உதய் சங்கரின் தம்பி ரவி சங்கர். 1951-ல் குரு தத் முதன்முதலாக இயக்கிய 'பாஸி' படத்துக்கு நடனம் அமைத்தவரும் ஜோராதான். அல்மோராவில் மாணவராக இருந்தவர், இயக்குநரானதும் தன் ஆசிரியையை அழைத்தார். பழைய மாணவர் சங்க மலரில் இதைச் சொல்லாமல் விட முடியுமா!

இருண்ட ஆண்டு

1959-ல் கணவர் தன் உயிரைத் தானே மாய்த்துக் கொண்டார். பிருத்வி தியேட்டர்ஸும் 1960-ல் மூடப்பட்டது. வாழ்க்கைத் துணையும் இல்லை, வேலையும் இல்லை. கையில் ஒரு மகள், ஒரு மகன். டெல்லிக்குப் போய் ஒரு நாட்டிய அகாதமியின் இயக்குநர் பொறுப்பை ஏற்றார்.

கலைஞர்களின் கதையை எழுதும்போது இந்தப் பகுதியை இரண்டு வரியில் தாண்டி விட்டு வெற்றிக்கு ஓடுவது நம் வழக்கம். நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை. ரசம் ஊற்றிய அந்த மாணவியின் பெற்றோர் பயப்படுவது இந்த இடத்துக்குத்தான். சம்பளம் நிச்சயமில்லை, குழு எப்போது மூடும் என்று தெரியாது, வீட்டில் இடி விழுந்தால் தாங்கிப் பிடிக்கப் பென்ஷன் கிடையாது. அந்தப் பயம் நியாயமான பயம். ஜோராவின் வாழ்க்கை அதைப் பொய் என்று சொல்லவில்லை.

ஐம்பது வயதில் லண்டன்

1962-ல் நாடகப் பயிற்சிக்கான உதவித்தொகை ஒன்று கிடைத்து லண்டன் போனார். வயது 50! நம் ஊரில் அந்த வயதில் பேரனுக்குக் காது குத்துவார்கள். அவர் மாணவியாகப் போனார். பெங்களூரில் பிறந்த நடனக் கலைஞர் ராம் கோபால் அப்போது லண்டன் செல்சி பகுதியில் பள்ளி நடத்தினார். அங்கே உதய் சங்கர் பாணி நடனம் கற்றுக் கொடுத்தார் ஜோரா. 1935-ல் கற்றது 1963-ல் சோறு போட்டது.

1964-ல் கிப்ளிங் கதை ஒன்றை வைத்து பிபிசி எடுத்த நாடகத்தில் தொலைக்காட்சி வாய்ப்பு. அடுத்து 'டாக்டர் ஹூ' தொடரில் சிறு வேடம். அப்புறம்? சின்னச் சின்ன வேடங்கள், நீண்ட இடைவெளிகள்.

இதற்குத் திறமைக் குறைவு காரணமில்லை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் நடிப்புத் துறையின் அமைப்பு அப்படி. முதலாவது, நடிகர் சங்கமான ஈக்விட்டியின் அட்டை இருந்தால்தான் வேலை, வேலை பார்த்திருந்தால்தான் அட்டை. 1980-களின் இறுதியில் சட்டம் மாறும் வரை புதியவர்களை இந்தக் கட்டு வாட்டியது. இரண்டாவது, இந்தியப் பாத்திரம் என்றாலே வெள்ளைக்கார நடிகரின் முகத்தில் பழுப்பு மை பூசி நிறுத்துவார்கள். 1960-ல் 'தி மில்லியனரஸ்' படத்தில் பீட்டர் செல்லர்ஸ் இந்திய டாக்டர். 1974-ல் தொடங்கிய பிபிசியின் ஒரு நகைச்சுவைத் தொடரில் மைக்கேல் பேட்ஸ் இந்தியப் பணியாள். 1984-ல்கூட, டேவிட் லீனின் 'எ பாஸேஜ் டு இந்தியா' படத்தில் பேராசிரியர் காட்போலேயாக வந்தவர் அலெக் கின்னஸ்! இருக்கிற நாலு வேடத்தில் இரண்டை இப்படிக் கொடுத்து விட்டால் மீதி எத்தனை?

அதிர்ஷ்டத்தால் முன்பே உள்ளே போனவர் ஒருவர் உண்டு. மைசூர்ப் பக்கம் காராப்பூரில் யானைக் கொட்டத்தில் வளர்ந்த சாபு. 'எலிஃபன்ட் பாய்' படத்துக்குத் தேர்வாகி, 1937-ல் பதின்ம வயதில் உலகப் புகழ் பெற்றார். 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்', 'ஜங்கிள் புக்' என்று ஹாலிவுட் வரை போனார். ஆனால் யானை, காடு, தலைப்பாகை என்ற அந்தப் பெட்டியை விட்டு வெளியே வர அவரைக் கடைசி வரை விடவில்லை. 1963-ல் 39 வயதில் இறந்து போனார். அதிர்ஷ்டம் கதவைத் திறக்கும், ஆனால் உள்ளே எந்த நாற்காலி என்பதையும் அதுவே முடிவு செய்து விடுகிறது.

1976-77-ல், பிரிட்டனில் குடியேறிய ஆசிய மக்களுக்காக பிபிசி ஒளிபரப்பிய 'படோசி' என்ற தொடரின் 26 பகுதிகளைத் தொகுத்து வழங்கினார் ஜோரா. 'படோசி' என்றால் அண்டை வீட்டார். பெரிய வேடம் என்று சொல்ல முடியாது. ஆனால் கேமராவைப் பார்த்து, வீட்டுக்குள் இருப்பவரிடம் பேசுவது போலப் பேசும் கலை அங்கே கைவந்தது.

71 வயதில் விடிந்தது

1984 ஜனவரியில் கிரனடா டெலிவிஷனின் 'தி ஜுவல் இன் தி கிரவுன்' ஒளிபரப்பானது. பால் ஸ்காட்டின் நாவல்களை வைத்து, வெள்ளையர் ஆட்சியின் கடைசி நாட்களைச் சொல்லும் 14 பகுதித் தொடர். அதில் லேடி சாட்டர்ஜியாக வந்தார் ஜோரா. அரண்மனை போன்ற வீட்டில், வெள்ளைக்காரப் பெண் ஒருத்திக்கு இடம் கொடுக்கும் இந்தியச் சீமாட்டி. உருது மணக்கும் ராம்பூர் வளர்ப்பு, லாகூர் ஆங்கிலம், மேடைக் குரல், டிரெஸ்டன் உடல்மொழி எல்லாம் ஒரே பாத்திரத்தில் கூடி வந்தன. லண்டன் போய் 22 ஆண்டுகள் கழித்து, 71 வயதில்!

அதன் பிறகு வாய்ப்புகள் தேடி வந்தன.  1985-ல் தொடங்கிய சேனல் 4-ன் 'தந்தூரி நைட்ஸ்' என்ற உணவகக் காமெடித் தொடரில் சயீத் ஜாஃப்ரியோடு நடித்தார்.

சயீத் ஜாஃப்ரி வந்த வழி வேறு. மலேர்கோட்லாவில் பிறந்து, அகில இந்திய வானொலியில் பேசி, டெல்லியில் சொந்த நாடகக் குழு நடத்தி, ஃபுல்பிரைட் உதவியில் அமெரிக்காவில் நாடகம் படித்தவர். 1975-ல் ஜான் ஹூஸ்டனின் 'தி மேன் ஹூ வுட் பி கிங்', 1977-ல் சத்யஜித் ரேயின் 'சத்ரஞ் கே கிலாடி', 1982-ல் 'காந்தி' படத்தில் சர்தார் படேல். இருவரின் பாதையும் வேறு வேறு. ஆனால் ஒன்று பொது. இருவருமே மேடையில் காலூன்றிய பிறகே கேமரா முன் பேர் வாங்கினார்கள். இருவருமே தாய்மொழியை விடவில்லை. உருது உச்சரிப்பு சுத்தமாக இருந்ததால்தான் அவர்களுடைய ஆங்கிலத்துக்கும் ஒரு தனி மணம்.

திரும்பி வந்தவர்

1993-ல் லாகூரில் ஒரு நாடகம். பெயர் 'ஏக் தீ நானி'. 'ஒரு பாட்டி இருந்தாள்' என்று பொருள். பிருத்வி தியேட்டர்ஸில் நாயகியாக நடித்த தங்கை உஸ்ரா 1964-ல் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்திருந்தார். எல்லைக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கை. எண்பது வயதை ஒட்டிய இருவரும் ஒரே மேடையில், பிரிந்த சகோதரிகளாகவே நடித்தார்கள். அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அந்தப் பத்தாண்டிலேயே ஜோரா இந்தியா திரும்பினார். 'தில் சே', 'ஹம் தில் தே சுகே சனம்', 'வீர்-ஜாரா' என்று படங்கள். 2007-ல் நம் பால்கி இயக்கி, பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்து, இளையராஜா இசையமைத்த 'சீனி கம்' படத்தில் அமிதாப் பச்சனுக்கு அம்மா. மல்யுத்தம் பார்த்துக் குதூகலிக்கும் அம்மா! வயது 95. படப்பிடிப்பு இல்லாத நாளில் மேடையேறி உருதுக் கவிதை சொல்வார். நான் இன்னும் இளமையாகத்தான் இருக்கிறேன் என்ற கருத்தில் ஹஃபீஸ் ஜாலந்தரி எழுதிய கவிதையை எங்கே போனாலும் ரசிகர்கள் கேட்டு வாங்குவார்கள். 1998-ல் பத்மஸ்ரீ, 2010-ல் பத்ம விபூஷண். 2014 ஜூலை 10 அன்று, 102 வயதில் டெல்லியில் காலமானார். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

பந்தியில் சொல்லாத பதில்

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன் அம்மா. முடியுமா என்று கேட்டாய். முடிந்திருக்கிறது. ஆனால் எப்படி முடிந்தது என்பதைச் சேர்த்துப் பார்.

ஜோரா ஐந்து முறை பூஜ்யத்திலிருந்து தொடங்கினார். 1930-ல் டிரெஸ்டனில், 1935-ல் உதய் சங்கரிடம், 1945-ல் பம்பாயில், 1962-ல் லண்டனில், பிறகு எண்பதைத் தாண்டித் திரும்பவும் இந்தியாவில். ஒவ்வொரு முறையும் கடைசி பெஞ்சு மாணவியாகப் போய் உட்கார்ந்தார். ஆனால் வெறுங்கையோடு போகவில்லை. முந்தைய இடத்தில் கற்றது கூடவே போனது. நடனம் நடிப்புக்கு உதவியது, மேடை தொலைக்காட்சிக்கு உதவியது, இடையிடையே சொல்லிக் கொடுக்கும் தொழில் வாடகையைக் கட்டியது. வெளிநாட்டு வாழ்க்கை என்பதை விமான டிக்கெட்டாக நினைக்கிறோம். அவருக்கு அது ஐம்பது வருடப் பள்ளிக்கூடம்.

உன் காலத்தில் சில வசதிகள் உண்டு. நடித்துக் காட்ட லண்டனுக்குக் கப்பல் ஏற வேண்டாம். செல்போனில் பதிவு செய்து அனுப்பினால் அங்கே பார்க்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு நிமிடப் பதிவுக்குள் வைக்க உன்னிடம் சரக்கு இருக்க வேண்டும். அதற்குக் குறுக்கு வழி அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

எனவே இயற்பியலை முடி. அது உனக்குச் சோறு போடும் இரண்டாவது கையாக இருக்கட்டும். வாரம் ஒரு முறையாவது மேடையேறு, துணை வேடமானாலும் சரி. தமிழைத் திருத்தமாகப் பேசு, இன்னொரு மொழியையும் கற்றுக் கொள். பாடமோ ஆடமோ ஏதாவது ஒன்றைப் பழகு. பெற்றோரின் பயத்தைக் கேலி செய்யாதே. அந்தப் பயத்துக்கு 1959 என்று ஒரு சாட்சி இருக்கிறது. இவ்வளவும் தெரிந்த பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால்... போ. உன் வரலாற்று வாத்தியார் 'போ' என்று சொன்னதாக ஞாபகம் வைத்துக் கொள்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் காலத்தில் இருந்த நாடக மன்றம் இப்போது பெயரளவில்தான் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு வாரம், நாடகம் தெரிந்த ஒருவரை அழைத்து வந்து நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆகும் செலவு, இந்த மாதிரி ஒரு சந்திப்பின் சாப்பாட்டுச் செலவை விடக் குறைவு. என் பங்கைப் பொருளாளரிடம் கொடுத்து விட்டேன். 1996-ல் ஏற்பட்ட கடனுக்கு வட்டி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அடுத்த சந்திப்பில் பந்தியில் பார்ப்போம். ரசம் ஊற்றும்போது மட்டும் கேள்வி கேட்காதே அம்மா, பக்கத்து இலைக்காரர் கோபித்துக் கொள்கிறார்!

(கட்டுரையாளர் 1978–81 வரலாற்றுப் பிரிவு மாணவர், ஓய்வு பெற்ற மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்)